மதிப்பெண்ணை யார் படிக்கிறார்கள்?

(தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட கூட்டத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் பாதிப்பேர் ஆசிரியர்கள், மீதிப்பேர் பெற்றோர். இரண்டு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவது நம் ஊரில் அபூர்வம். பள்ளிக் கூட்டத்துக்கு வருகிற அம்மா கேட்பது ஒரே கேள்வி: "எம்புள்ள எப்படிப் படிக்குது டீச்சர்?" நாங்கள் சொல்வதும் ஒரே பதில்: "நல்லாத்தான் படிக்குது, இன்னும் கொஞ்சம் கவனம் வேணும்." இந்தப் பதிலுக்கு ஒரு வருடம் மதிப்பீடு செய்ய வேண்டியதே இல்லை. பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

ஒன்றிலிருந்து ஐந்து வரையுள்ள வகுப்புகளில், ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிற ஓர் ஆண்டில், ஆசிரியர் ஒரு பிள்ளையின் முன்னேற்றத்தை எப்படிக் கணிக்கிறார், எதில் குறிக்கிறார், அந்தக் குறிப்பு யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்று பேசலாம் என நினைக்கிறேன். கடைசியில் சொன்னதுதான் எனக்கு முக்கியம். முதல் இரண்டைப் பற்றி நிறையப் பயிற்சி வகுப்புகள் நடந்திருக்கின்றன. நானே பலவற்றில் உட்கார்ந்து வடையும் டீயும் சாப்பிட்டிருக்கிறேன். மூன்றாவதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். மூன்றாம் வகுப்பு. கரும்பலகையில் ஐந்து கழித்தல் கணக்குகள். 85-இலிருந்து 32, 96-இலிருந்து 41, 43-இலிருந்து 18, 61-இலிருந்து 34, 70-இலிருந்து 26. ஒரு பையன் எழுதிய விடைகள்: 53, 55, 35, 33, 56. முதல் இரண்டும் சரி, மற்ற மூன்றும் தப்பு. பக்கத்தில் இருக்கும் பெண் எழுதியது: 53, 54, 25, 37, 54. முதலாவதும் மூன்றாவதும் சரி, மற்றவை தப்பு. இருவருக்கும் ஐந்துக்கு இரண்டு. பதிவேட்டில் இரண்டு பெயருக்கு நேராகவும் அதே 2.

இப்போது விடைகளைப் பாருங்கள். பையன் கவனக்குறைவாக எதையும் செய்யவில்லை. அவனிடம் ஒரு விதி இருக்கிறது: எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தை எடுத்துவிடு. 43-இல் 18 போக வேண்டும். 3-இல் 8 போகாது, ஆகவே 8-இல் 3-ஐ எடுத்து 5 என்று போட்டுவிட்டான். 61-லும் 70-லும் அதே விதிதான். கடன் வாங்க வேண்டிய இடம் வராத வரைக்கும் அவன் விதி சரியான விடையையே தரும். அதனால்தான் முதல் இரண்டு கணக்குகளும் சரியாக வந்தன. அந்தப் பெண்ணுக்கோ கடன் வாங்கத் தெரியும். 43-இல் 18-ஐச் சரியாகக் கழித்திருக்கிறாள். 61-லும் 70-லும் கடன் வாங்கிய பிறகு பத்தாம் இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்துவிட்டாள். 96-இல் 41 போனால் 54 என்றது வெறும் கைப்பிழை.

மறுநாள் காலையில் இந்த இருவருக்கும் வேறு வேறு பாடம் வேண்டும். பையனுக்குக் குச்சிக் கட்டு. நாலு பத்துக் கட்டும் மூணு ஒற்றைக் குச்சியும் கையில் கொடுத்து, பதினெட்டை எடுத்துத் தா என்றால், ஒரு கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும் என்பதை அவன் கையே கண்டுபிடிக்கும். பெண்ணுக்குக் குச்சி தேவையில்லை. கடன் கொடுத்த இலக்கத்தை அடித்து அதன் தலையில் குறைந்த எண்ணை எழுதும் பழக்கம் வந்தால் போதும், இரண்டு நாள் வேலை. ஐந்துக்கு இரண்டு என்ற குறிப்பில் இந்தச் செய்தி எதுவும் இல்லை. நோட்டைத் திருத்தும்போது ஆசிரியரின் கண்ணில் பட்டது. பதிவேட்டுக்குப் போகும்போது காணாமல் போய்விட்டது.

சரி, பதிவேட்டில் என்னதான் இருக்கிறது? பெற்றோருக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். நம் தலைமுறைக்குத் தெரிந்தது காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வு. மூன்று தேர்வு, ஒரு ரேங்க் கார்டு, கடைசியில் பாஸா பெயிலா. 2009-இல் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. பிள்ளை என்ன புரிந்துகொண்டது, அதை எங்கே பயன்படுத்த முடிகிறது என்பதைத் தொடர்ந்தும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு சொன்னது. அதன்படி 2012-13 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. புத்தகம் மூன்றாகப் பிரிந்தது, பை எடை குறைந்தது. பருவத்துக்கு 100 மதிப்பெண். அதில் 60 பருவக் கடைசித் தேர்வுக்கு. அதைத் தொகுத்தறி மதிப்பீடு என்கிறோம். மீதி 40 வளரறி மதிப்பீட்டுக்கு. அந்த நாற்பதிலும் 20 செயல்பாடுகளுக்கு: பாடுவது, நடித்துக் காட்டுவது, இலை சேகரிப்பது, படம் வரைந்து பெயர் எழுதுவது. இன்னொரு 20 சின்னச் சின்ன எழுத்துத் தேர்வுகளுக்கு. மொத்தத்தைக் கூட்டி ஒன்பது தரங்களாக்க வேண்டும். 91 முதல் ஏ1, 81 முதல் ஏ2, அப்படியே இறங்கி 20 வரை இ2. ரேங்க் இல்லை. வாழ்க்கைத் திறன், மனப்பான்மை, உடல்நலமும் யோகாவும், கலை விளையாட்டு ஆகிய இணைச் செயல்பாடுகளுக்குத் தனித் தரம்.

திட்டத்தில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே நாளில் மூன்று மணி நேரத்தில் எழுதியதை வைத்து ஏழு வயதுக் குழந்தையைத் தராசில் போடாதே என்கிறது, சரிதானே. ஆனால் வகுப்பறைக்குள் வந்தபோது என்ன ஆயிற்று? ஐந்து பாடம், பாடத்துக்கு ஒரு பருவத்தில் நாலு செயல்பாடு, வகுப்பில் முப்பது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருவத்துக்கு 600 கட்டங்கள். ஆண்டுக்கு 1,800. இதில் சிறு தேர்வுகளும் சேரவில்லை, இணைச் செயல்பாடுகளும் சேரவில்லை. 60 பிள்ளைகள் வரை இருக்கும் தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்பது சட்டக் கணக்கு. அதாவது ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் விடுப்பிலோ பயிற்சியிலோ இருந்தால் ஒருவர். அவர் பிள்ளையைப் பார்ப்பாரா, கட்டத்தைப் பார்ப்பாரா?

கட்டங்கள் எப்படி நிரம்பின என்பது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். பருவத்தின் கடைசி வாரம் ஒரே மூச்சில் உட்கார்ந்து 18, 19, 17, 18 என்று போட்டுக்கொண்டே போவோம். எல்லாப் பிள்ளைக்கும் நாற்பதுக்கு முப்பத்தைந்துக்கு மேல். ஆகவே பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாட்டைக் காட்டியது பழைய எழுத்துத் தேர்வின் 60 மட்டும்தான். தொடர் மதிப்பீடு என்று வந்தது தொடர் பதிவாக மாறிப்போனது. இதற்கு ஆசிரியரை மட்டும் குறை சொன்னால் நான் ஏற்கமாட்டேன். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் "இந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது?" என்று கேட்டிருந்தால் ஆசிரியர் அதைத் தெரிந்து வைத்திருப்பார். "பதிவேடு முடிச்சாச்சா?" என்று கேட்டார்கள். பதிவேடு முடிந்திருந்தது.

இன்னொரு சிக்கல் உண்டு. அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஒரு பெண் பிள்ளை, இரண்டாம் வகுப்பு, தமிழ். முதல் பருவம் பி2, இரண்டாம் பருவம் பி2, மூன்றாம் பருவம் பி2. அட்டையைப் பார்க்கும் அப்பா என்ன நினைப்பார்? "வருசம் பூரா ஒரே இடத்துல நிக்குது." அதே பிள்ளையைப் பற்றி ஆசிரியை ஒரு கோடு போட்ட நோட்டில் கிறுக்கி வைத்திருக்கும் குறிப்பு இப்படி இருக்கும் என்று வையுங்கள்.

"ஜூலை: கா, கி, கீ தடையில்லை. கொம்பு வந்தால் நின்றுவிடுகிறாள். ஆகஸ்ட்: கெ, கே சரியாகிவிட்டது. கொ, கோ என்றால் கெ, கே என்று படித்துவிட்டுத் துணைக்காலைத் தனியாகப் பார்த்து முழிக்கிறாள். அக்டோபர்: கொ, கோ படிக்கிறாள். எழுதும்போது துணைக்காலை விட்டுவிடுகிறாள். 'கொடி' 'கெடி' ஆகிறது. டிசம்பர்: சொல்வதை எழுதும்போது பத்துச் சொல்லில் எட்டு சரி. ர-வும் ற-வும் மாறுகிறது. பிப்ரவரி: படம் பார்த்து மூன்று வாக்கியம் தானாக எழுதினாள். பெரிய ற எங்கே வரும் என்று அவளாகவே கேட்டாள்."

இந்தப் பிள்ளை ஒரே இடத்தில் நிற்கிறதா? எழுத்துக்கூட்டத் திணறியவள் சொந்த வாக்கியம் எழுதுகிறாள். தமிழ் படிக்கக் கற்கும் குழந்தைக்குக் கொ, கோ பெரிய மேடு. கௌ நீங்கலாக மற்ற உயிர்க்குறிகள் எழுத்துக்கு ஏதாவது ஒரு பக்கம் வரும், இல்லையென்றால் மேலேயோ கீழேயோ ஒட்டிக்கொண்டிருக்கும். இது இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு நிற்கும். அந்த மேட்டை ஏறி இறங்கியவளுக்கு அட்டை கொடுத்தது மூன்று பி2. ஏன்? பருவத்துக்குப் பருவம் பாடம் கடினமாகிறது, தேர்வும் கடினமாகிறது. பிள்ளையும் பாடமும் சேர்ந்தே ஏறினால் தரம் அசையாது. ஜூன் மாதமே எல்லாம் தெரிந்து வந்த இன்னொரு பிள்ளை மூன்று ஏ1 வாங்கிக்கொண்டு, வகுப்பில் புதிதாக ஒன்றும் கற்காமலே ஆண்டை முடிக்கவும் கூடும். அட்டையில் அவள்தான் கெட்டிக்காரி. முன்னேற்ற அட்டை என்று பெயர் வைத்தோம். அது காட்டுவது அன்றைய நிலையை மட்டுமே.

அந்தக் கோடு போட்ட நோட்டு இருக்கிறதே, அதை யாரும் கேட்பதில்லை. எந்தப் படிவத்திலும் அதற்கு இடம் இல்லை. நல்ல ஆசிரியர்கள் பலர் அப்படி ஒன்றை வைத்திருக்கிறார்கள், சிலர் மனசிலேயே வைத்திருக்கிறார்கள். வகுப்பை நடத்துவது அந்த நோட்டுதான். மறுநாள் யாரைப் பக்கத்தில் உட்காரவைப்பது, எந்த அட்டையை எடுப்பது என்று அது சொல்கிறது. பதிவேடு மேலே போகிறது, நோட்டு மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

மேலே போகும் மதிப்பெண்ணின் கதை பழையது. 1862-இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பவர் ஒரு விதி கொண்டுவந்தார். பரிசோதகர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். தேறிய பிள்ளைகளின் கணக்கைப் பார்த்துத்தான் பள்ளிக்கு மானியத்தின் பெரும்பகுதி. இதே ஏற்பாட்டை அந்த நூற்றாண்டிலேயே சென்னை மாகாணத்திலும் நடைமுறைப்படுத்தினார்கள். திண்ணைப் பள்ளிகள்கூட இந்த வலைக்குள் வந்தன. விளைவு என்னவாக இருக்கும்? வாத்தியார் சம்பளம் பிள்ளையின் வாயில் தொங்கினால், வாத்தியார் வாயை மட்டும் பழக்குவார். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பிசகில்லாமல் வாசித்த பிள்ளைகளைப் பற்றி இங்கிலாந்தில் கதை கதையாகச் சொல்வார்கள். நம் பள்ளிகளில் இன்றைக்கும் இது உண்டு. பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளையிடம் மூன்றாவது வரியில் நடுவில் ஒரு சொல்லை விரல் வைத்துக் காட்டுங்கள். முதல் வரியிலிருந்து மனசுக்குள் ஓட்டிக்கொண்டு வந்துதான் அந்தச் சொல்லைச் சொல்லும். அது வாசிப்பு இல்லை, மனப்பாடம். மதிப்பெண் இரண்டுக்கும் ஒன்றுதான்.

படிக்கிறவர் யார் என்பதைப் பொறுத்து மதிப்பீட்டின் குணமே மாறும் என்பதை நான் கண்ணால் பார்த்தது செயல்வழிக் கற்றல் காலத்தில். ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளியினர் கிராமப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையைப் பார்த்து, எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்தது. பாடம் முழுவதும் அட்டைகளாயிற்று. அட்டைகளின் வரிசை சுவரில் ஏணிப்படியாகத் தொங்கியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை. ஆளுக்கு ஒரு பங்கு. தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள்.

அதில் தேர்வு என்று தனியாக ஒன்று இல்லை. ஏணியில் நாலைந்து படிக்கு ஒரு மதிப்பீட்டு அட்டை இருக்கும். அதை முடித்தால் அடுத்த படி, முடியாவிட்டால் துணை அட்டை, பிறகு மறுபடி முயற்சி. இரண்டாம் வகுப்புப் பிள்ளையைப் பிடித்து "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டால், சுவருக்கு ஓடிப்போய் ஏணியில் தன் படியைத் தொட்டுக் காட்டும். "நேத்து இங்க, இன்னிக்கு இங்க." தன் மதிப்பீட்டைத் தானே படிக்கத் தெரிந்த பிள்ளைகளை அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவாகப் பார்க்கவில்லை. அம்மை போட்டு இரண்டு வாரம் வராமல் போன பிள்ளை திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்து ஏறும். வகுப்பு அதை விட்டுவிட்டுப் போயிருக்காது.

குறை இல்லையா? இருந்தது. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன, புது அட்டை வரவில்லை. சில பிள்ளைகள் ஒரே படியில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் தள்ளிவிடவில்லை. ஆசிரியரின் குரலே வகுப்பில் கேட்பதில்லை என்று சொன்னார்கள், அதிலும் உண்மை இருந்தது. பெற்றோருக்கு அது பள்ளி மாதிரியே தெரியவில்லை. "பாய்ல உக்காந்து வெளாடுதுங்க" என்று பக்கத்துத் தனியார் பள்ளிக்குக் கூட்டிப்போனார்கள். முப்பருவ முறை வந்தபோது அதை எளிமையாக்கினோம் என்று சொல்லி ஏணியைச் சுருட்டிவைத்தோம். அவசரப்பட்டுவிட்டோம் என்றே இன்றும் நினைக்கிறேன். அட்டையைப் புதுப்பித்திருக்கலாம், பிள்ளை தன் படியைத் தானே தொட்டுக் காட்டும் ஏற்பாட்டைக் காப்பாற்றியிருக்கலாம்.

கொரோனா வந்து பள்ளிகள் மூடிக்கிடந்தன. திறந்தபோது இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளை ஒன்றாம் வகுப்பையே பார்க்காமல் வந்திருந்தது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. 2025-க்குள் எட்டு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது குறிக்கோளாக இருந்தது. முதலில் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும். ஆண்டுத் தொடக்கத்தில் அடிப்படை மதிப்பீடு. அதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. பிள்ளை எந்த வகுப்பில் இருந்தாலும் தன் நிலைக்குரிய பயிற்சியைச் செய்யும்.

இந்தப் பிரிப்பை நான் வரவேற்கிறேன். மூன்றாம் வகுப்பில் இருக்கிற, எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புத் தேர்வு வைத்து இ2 போடுவதால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. அது எந்த எழுத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் பயன் உண்டு. கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சோதிக்கும் அசர் ஆய்வுக்காரர்கள் 2005 முதல் செய்வது இதுதான். எழுத்து, சொல், நாலு வரிப் பத்தி, ஒரு சின்னக் கதை. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்வார்கள். எந்த மட்டம் வரை போகிறதோ அது அதன் மட்டம். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும். வாசிப்பைச் சோதிக்க எழுத்துத் தேர்வு வைக்கிற நாங்கள் அதைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும்.

ஆனால் எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் மதிப்பீடு போய் உட்கார்ந்த இடம் கைப்பேசி. செயலியைத் திற, பிள்ளையின் பெயரைத் தட்டு, கேள்வியைக் காட்டு, விடையைப் பதிவு செய். கிராமத்துப் பள்ளியில் சிக்னல் கிடைக்கிற இடம் வேப்பமரத்தடி மட்டும் என்றால் மதிப்பீடு வேப்பமரத்தடியில் நடக்கும். சர்வர் வராத நாளில் பாடமும் நின்றுவிடும். எமிஸ் என்னும் அரசின் பள்ளித் தரவுத் தளத்தில் செய்யும் பதிவு வேலைகளைக் குறையுங்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் ஓயாமல் கேட்பது சோம்பேறித்தனத்தால் அல்ல. நோட்டைத் திருத்தும்போது கண்ணில் படுகிற செய்தி, விரலால் கட்டத்தைத் தட்டும்போது படுவதில்லை. செயலியில் ஏற்றியது மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் வண்ண வண்ண வரைபடமாகப் போகிறது. அது வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எந்த ஒன்றியத்தில் பயிற்சி தேவை, எங்கே ஆசிரியர் இல்லை என்று அரசுக்குத் தெரிய வேண்டும்தான். அதற்கு எல்லாப் பிள்ளையையும் எல்லா மாதமும் பதிவு செய்ய வேண்டுமா? சில பள்ளிகளில் சில பிள்ளைகளைப் பார்த்தால் அரசுக்குப் போதும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அங்கே சரி. வகுப்பறையில்தான் அது சரிவராது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது மிஸ்!" என்று முதல் வரிசை கத்தும், நாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். ஆசிரியர் ஒவ்வொரு சோற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டியவர். நாம் செய்வது தலைகீழ்: அரசு ஒவ்வொரு பிள்ளையையும் எண்ணுகிறது, அந்த வேலையில் மூழ்கிய ஆசிரியர் ஒரு பிள்ளையின் பதிலை வைத்து வகுப்பைக் கணிக்கிறார்.

பெற்றோர்களே, மதிப்பெண் துல்லியமானது என்று நீங்கள் நம்புகிறீர்கள். 60 வாங்கினால் சி1, 61 வாங்கினால் பி2. அந்த ஒரு மதிப்பெண் எங்கிருந்து வந்தது? 1913-இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரு மாணவரின் வடிவகணித விடைத்தாளைப் படியெடுத்து நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். ஒரே தாளுக்கு வந்த மதிப்பெண் 30-க்குக் கீழிருந்து 90-க்கு மேல் வரை. கணக்குக்கே இந்தக் கதி என்றால் கட்டுரைக்கு என்ன சொல்ல! கையெழுத்து அழகாக இருந்தால் இரண்டு மதிப்பெண் கூடுவது எங்களுக்கே தெரியாமல் நடப்பது. இரவு பத்து மணிக்குத் திருத்தும் முப்பதாவது தாள், முதல் தாளுக்குக் கிடைத்த பொறுமையை வாங்குவதில்லை.

இன்னொரு ஆய்வைச் சொல்லியே ஆக வேண்டும். இஸ்ரேலில் ரூத் பட்லர் என்பவர் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தி 1988-இல் வெளியிட்டது. ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும். இன்னொரு குழுவுக்கு எழுத்துக் குறிப்பு மட்டும்: இது நன்றாக வந்திருக்கிறது, இதை இப்படிச் செய்துபார். மூன்றாவது குழுவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த முறை மேலேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்கள் ஏறவில்லை. மதிப்பெண் இருந்தால் பிள்ளை அதைத்தான் பார்க்கும், பக்கத்துப் பிள்ளை எவ்வளவு என்று பார்க்கும், குறிப்பைப் படிக்காது. நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் எந்த வகுப்பிலும் இதைக் காணலாம். இதில் எங்கள் பங்கும் உண்டு. சிவப்பு மையில் "நன்று", "முயற்சி செய்" என்று எழுதிவிட்டு அதைக் குறிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். எதை முயற்சி செய்வது? "ஒன்றாம் இடத்தில் கடன் வாங்கியதும் பத்தாம் இடத்தைக் குறைத்து எழுது" என்பதுதான் குறிப்பு. அதை எழுத ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் எல்லோரும் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். "எல்லாரையும் பாஸ் போட்டு அனுப்பிடுறீங்க, அப்புறம் என்ன மதிப்பீடு?" எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்றுதான் 2009 சட்டம் சொன்னது. 2019-இல் அதைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து நிறுத்தலாமா என்பதை மாநிலங்களிடம் விட்டார்கள். அந்த ஆண்டே தமிழ்நாட்டில் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவிப்பு வந்தது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வா என்று ஊரெல்லாம் எதிர்ப்புக் கிளம்ப, 2020 பிப்ரவரியில் அரசு அதைக் கைவிட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் நிறுத்தும் முறையைக் கொண்டுவந்தபோதும், தமிழ்நாடு பழைய நிலையிலேயே நின்றது.

என் கட்சி இதுதான். பிள்ளையை அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்காரவைத்தால், அதே புத்தகத்தை அதே விதமாக இன்னொரு முறை கேட்கும். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத அந்தப் பையனின் விதியை யாராவது கண்டுபிடித்தால் ஒழிய, பெயில் போட்டு மூன்றாம் வகுப்பிலேயே வைத்தாலும் 43-இல் 18 போனால் 35 என்றுதான் எழுதுவான். கூடவே, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் அவமானம். அந்த அவமானத்தில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளை நம் தலைமுறை நிறையப் பார்த்திருக்கிறது, அதிலும் பெண் பிள்ளைகளை. ஆனால் இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். பாஸ் போட்டு அனுப்புகிறோமே, கூடவே என்ன அனுப்புகிறோம்? ஒரு தர எழுத்து. நாலாம் வகுப்பு ஆசிரியருக்கு ஜூன் மாதம் கிடைப்பது முப்பது பெயரும் முப்பது எழுத்தும். யாருக்குக் கொம்பு வராது, யாருக்குக் கழித்தல் வராது, யார் வாய்விட்டுப் படிக்கக் கூச்சப்படும், யாருக்குக் கரும்பலகை தெரியவில்லை, கண்ணாடி வேண்டும் என்பதெல்லாம் மூன்றாம் வகுப்பு ஆசிரியரோடு போய்விட்டது. அவர் இடமாறுதலில் போயிருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. புது ஆசிரியர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கண்டுபிடிக்க ஆகஸ்ட் ஆகிவிடும். நிறுத்தாமல் அனுப்புவது சரி, ஒன்றும் சொல்லாமல் அனுப்புவது தப்பு.

இதற்குப் பெரிய திட்டம் வேண்டாம். ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஏப்ரலில் தேர்வுத்தாள் கட்டிவைக்கும் வாரத்தில், பிள்ளைக்கு மூன்று வரி எழுதுங்கள்: இது தானாகச் செய்யும், இதைத் துணையோடு செய்யும், இங்கே நிற்கிறது. முப்பது பிள்ளைக்கு ஒரு சின்ன நோட்டு. அதை அடுத்த வகுப்பு ஆசிரியர் கையில் நேராகக் கொடுங்கள். ஆனால் "சோம்பேறி", "மக்கு", "வீட்டுச் சூழல் சரியில்லை" என்று ஒரு சொல்லும் அதில் வரக் கூடாது. அப்படி எழுதினால் அந்த முத்திரை பிள்ளைக்கு முன்னால் அடுத்த வகுப்புக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். கழித்தலைப் பற்றி எழுதுங்கள், பிள்ளையின் குணத்தைப் பற்றி வேண்டாம்.

அதிகாரிகள் யாராவது இங்கே இருந்தால் உங்களிடம் ஒரு விண்ணப்பம். ஒரு புதுக் கட்டத்தைச் சேர்க்கும்போது பழைய கட்டம் இரண்டை எடுத்துவிடுங்கள். பள்ளிப் பார்வைக்கு வரும்போது பதிவேட்டைக் கேட்பதற்கு முன் ஒரு பிள்ளையை அழைத்து, ஆசிரியரிடம் "இது ஜூனில் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த ஆசிரியரின் பதிவேட்டில் நாலு கட்டம் காலியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

பெற்றோர்களே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கோ, அட்டையில் கையெழுத்துப் போடவோ வரும்போது, "எத்தனாவது ரேங்க்?" என்றும் கேட்க வேண்டாம், "எப்படிப் படிக்குது?" என்றும் கேட்க வேண்டாம். "போன மாசம் எம்புள்ளைக்கு வராதது எது, இந்த மாசம் வந்தது எது?" என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கேட்கலாம். ஒரே கூட்டத்தில் பத்துப் பேர் இதைக் கேட்டால், பதில் சொல்லவாவது அந்தக் கோடு போட்ட நோட்டை நாங்கள் எல்லோரும் வைத்துக்கொள்ளத் தொடங்குவோம். அடுத்த கூட்டத்திலிருந்தே கேளுங்கள்.